திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை: மணியோசை கேட்கும் கிராமங்கள்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். காவி உடுத்திய ஆண்களும் பெண்களும் சாலையோரமாக வரிசையாக நடந்து போவார்கள். முன்னால் தள்ளுவண்டியில் கட்டிய சின்னத் தேர். அதற்குள் சேலை உடுத்திய மாதா சுரூபம், சுற்றிலும் கலர் பல்பு, ஒரு ஸ்பீக்கர். எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவார்கள். சிலர் செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக வந்து புதுச்சேரி பக்கம் திரும்புவார்கள்.

நெற்றி நிறைய விபூதி பூசிய டீக்கடைக்காரர், "தண்ணி குடிச்சிட்டுப் போங்க சாமி" என்று கூப்பிடுவார். நடப்பவர்களும் நின்று குடித்துவிட்டு, "வரோம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

தேர் போய்விடும், பாட்டுச் சத்தமும் தேய்ந்துவிடும். ஆனால் இந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் உள்ளே போனால், வருஷம் முழுக்க மணியோசை கேட்கும் கிராமங்கள் இருக்கின்றன. மல்லாட்டைக் காட்டுக்கும் கரும்புக் கொல்லைக்கும் நடுவே வெள்ளையடித்த சிறிய ஆலயங்கள். சிலவற்றுக்கு ஓட்டுக் கூரை, சிலவற்றுக்குப் புதிதாகப் போட்ட தளம். அவற்றைக் கட்டிய குடும்பங்களின் கதை வேளாங்கண்ணிக் கதை அளவுக்கு வெளியே தெரிந்ததில்லை.

புளியங்காட்டு ஊர்

சென்னையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டரில் திண்டிவனம். அங்கிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் போனால் விழுப்புரம். ரயிலிலும் இதே வரிசைதான். 'திந்திரிணி' என்றால் புளியமரம். திந்திரிவனம் என்ற புளியங்காடுதான் பேச்சில் திண்டிவனம் ஆனது என்பார்கள். ஊரில் உள்ள சிவனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர்.

பல நம்பிக்கைகள் பக்கத்துப் பக்கத்தில் வாழும் நிலம் இது. சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் மயிலம் முருகன். மேற்கே போனால் அமாவாசைக் கூட்டம் அலைமோதும் மேல்மலையனூர் அங்காளம்மன். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம். இவர்களுக்கு நடுவில்தான் கிறிஸ்தவக் கிராமங்களும் இருக்கின்றன.

இங்கே கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே சபை கிடையாது. அவர்கள் பேசும் வார்த்தையை வைத்தே யார் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம். "பூசைக்குப் போறோம்" என்றால் கத்தோலிக்கர். "ஆராதனைக்குப் போறோம்" என்றால் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன். கத்தோலிக்கர்களுக்குக் குருவானவர் 'சாமியார்', இப்போது 'ஃபாதர்'. மற்றவர்களுக்குப் போதகர் 'ஐயர்'. ஜி.யு.போப்பைப் 'போப் ஐயர்' என்று தமிழர்கள் அழைத்ததும் இந்தப் பழக்கத்தில்தான். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள், "ஐயர் வீட்டுக்குப் பலகாரம் குடுத்துட்டு வா" என்று மாமியார் சொன்னதும் ஊரில் அக்கிரகாரத்தைத் தேடினால், அது அவள் குற்றமில்லை.

மூன்று பேர் தட்டிய கதவு

திண்டிவனத்தின் கதையில் ஓர் இரவு உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆனால் அது நடந்த ஊர் திண்டிவனம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கடர் குடும்பத்தைத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். முதலில் வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். 1819ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றினார். 1836ல் சென்னைக்கு மாறினார். அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவில் மிஷனரிகளாகப் பணிசெய்தார்கள். அவர்களில் மூவர் சேர்ந்து 1853ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அப்பாவின் பெயரையே கொண்ட இன்னொரு மகன் டாக்டர் ஜான் ஸ்கடர் பிற்காலத்தில் திண்டிவனத்தில் இருந்தார். அவர் மகள்தான் ஐடா.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். சிறு வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். பட்டினிக் குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த ஞாபகம் அவரைக் கடைசிவரை விடவில்லை. பிறகு படிப்பதற்காக அமெரிக்கா போனார். மிஷன் வேலைக்குத் திரும்பி வரும் எண்ணமே அவருக்கு இல்லை. 1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் திண்டிவனத்துக்கு வந்தார்.

அப்படி இருந்தபோதுதான் அந்த இரவு. வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். பிராமணர். சின்னஞ்சிறு வயது மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால் முடியவில்லை, வந்து காப்பாற்றுங்கள் என்றார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

அன்றிரவு அந்தப் பெண் தூங்கவில்லை. விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

வைத்தியர் பக்கத்தில்தான் இருந்தார், மருந்தும் இருந்தது. பெண் டாக்டர் ஒருவர் மட்டும் இல்லை. அன்று காலையே தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாக ஐடா பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பெண்கள் பட்டம் பெற்ற முதல் அணி அது. 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. 1909ல் நர்சிங் பள்ளி. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த சி.எம்.சி. வேலூர் மருத்துவமனைக்கு வடநாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ரயில் ரயிலாக நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். அதன் வேர் திண்டிவனத்தில் ஒரு வீட்டு வாசலில் இருக்கிறது. ஐடா 1960ல் கொடைக்கானலில் காலமானார்.

திண்டிவனத்தில் ஸ்கடர் குடும்பப் பெயரை இன்றும் தாங்கி நிற்பது வால்டர் ஸ்கடர் மேல்நிலைப்பள்ளி. பள்ளி விடும் நேரத்தில் எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வருவார்கள்.

பஞ்சத்துக்குப் பின்னால் வந்த உபதேசியார்

ஸ்கடர்கள் பெரிய மனிதர்கள், பெயர் நிற்கிறது. ஆனால் ஊர் ஊராக இந்த நம்பிக்கையைக் கொண்டுபோனவர்கள் வேறு ஆட்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. லட்சக்கணக்கில் மனிதர்கள் மடிந்தார்கள். முதலில் மடிந்தது சொந்த நிலம் இல்லாதவர்கள். பண்ணையில் படியாளாக வேலை செய்து, கூலியாகத் தானியம் வாங்கிப் பிழைத்தவர்கள். ஏரி வற்றினால் பண்ணைக்கு நஷ்டம், படியாளுக்குச் சாவு. அந்தக் காலத்தில் கஞ்சித் தொட்டி வைத்தவர்களில் மிஷன்காரர்களும் உண்டு. பஞ்சத்தின்போதும் அதற்குப் பிறகும், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் பல சேரிகள் தெருவோடு கூடிக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தன.

'கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள்' என்று அன்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் பஞ்சம் இரண்டு வருஷத்தில் முடிந்தது. கஞ்சித் தொட்டி எடுக்கப்பட்டது. அதன் பிறகும் நாலு, ஐந்து தலைமுறையாக அந்தத் தெருக்களில் ஞாயிறுதோறும் மணி அடிக்கிறது. கஞ்சி மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு காலம் நின்றிருக்காது.

நின்றதற்குக் காரணமானவர் உபதேசியார். வெள்ளைக்காரத் துரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மாட்டு வண்டியில் வந்து போவார். உபதேசியார் அங்கேயே குடியிருப்பார். அவரும் தமிழர். அவருடைய சம்பளம் கொஞ்சம், வேலை அதிகம். பகலில் பிள்ளைகளுக்கு 'அ, ஆ', ராத்திரியில் பெரியவர்களுக்கு ஜெபம். காய்ச்சல் வந்தால் மருந்துக்கு ஆள் அனுப்புவதும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வதும் அவர்தான். பண்ணையார் கணக்கில் எழுதிய கடனைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் தெருவில் ஒருவர் இருந்தால், அது எவ்வளவு பெரிய பலம்!

வேத புத்தகம் படிக்க எழுத்து தெரிய வேண்டும். தெருப்பள்ளிக்கூடம் வந்த முதல் காரணம் அதுதான். ஆனால் எழுத்து அதோடு நிற்காது. அப்பா கைநாட்டு, மகன் கையெழுத்து, பேரன் வாத்தியார், பேத்தி நர்ஸ். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் கதை இந்த நாலு படிதான்.

உலகத்தின் வேறொரு மூலையிலும் இதே கதை நடந்திருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள பப்புவா நியூ கினி நாட்டின் ஹுவான் தீபகற்ப மலைகளில் செலெபெட் என்ற சிறிய இனத்தார் வாழ்கிறார்கள். சேனைக்கிழங்கைப் போலத் தோட்டத்தில் கிழங்கு பயிரிட்டு வாழும் மக்கள். 1886ல் அந்தக் கரைக்கு வந்தவர் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி யோஹான் ஃப்ளியர்ல். ஆனால் கடற்கரையிலிருந்து மலைக்குள் நம்பிக்கையைச் சுமந்து போனவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்த உபதேசியார்கள். சபையின் பொது மொழியாக இருந்த காத்தே என்ற அண்டை இனத்து மொழியில்தான் வேதம் அங்கே முதலில் சொல்லப்பட்டது. அங்கும் ஊர் கூடிப் பேசி, ஊரோடு சேர்ந்தார்கள்.

செலெபெட் மக்களை விட ஒரு விஷயத்தில் நம்மவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வேதம் அவர்கள் சேரிக்கு வரும்போதே தமிழில்தான் வந்தது. தரங்கம்பாடியில் 1706ல் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். திண்டிவனம் பக்கத்துப் படியாள் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த புத்தகம் அவருடைய தாய்மொழியிலேயே இருந்தது.

கைப்பிடி அரிசியும் இரண்டு முட்டையும்

இந்தக் கிராமங்களுக்குப் போக நல்ல நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் மணி அடித்ததும் தெருவில் பரபரப்பு. இரண்டாவது மணிக்கு ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் துவைத்து மடித்த சேலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பல ஆலயங்களில் பாய்தான் இருக்கை. பெஞ்சு போட்ட இடத்திலும் பாட்டிமார் தரையில்தான் உட்காருவார்கள்.

பாட்டு இரண்டு வகை. மேல்நாட்டு மெட்டில் ஞானப்பாட்டு, நம் ராகத்தில் கீர்த்தனை. ஆர்மோனியமும் டோலக்கும் இருந்தால் கீர்த்தனைக்குத்தான் கூட்டம் சேரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, பத்துக் கீர்த்தனையைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் தவறாமல் மனப்பாடமாகப் பாடுவார். நடவுப் பாட்டில் பழகிய தொண்டை அது. சரணத்தின் கடைசி அடியை இழுத்து நிறுத்தும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரையில் உள்ள தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை விற்று வரும் காசு சபைச் செலவுக்கு. கூலி வேலை செய்யும் வீட்டில் காசு கையில் நிற்காது, ஆனால் ஒரு பிடி அரிசி குறைந்தால் குடும்பம் பட்டினி கிடக்காது. ஏழைகள் தங்கள் ஆலயத்தைத் தாங்களே தாங்கிய வழி இது. பெண்கள் கையில்தான் இது ஓடியது.

அறுப்பின் பண்டிகை இன்னும் கலகலப்பு. அறுவடை முடிந்தபின் சபைக்கு ஒரு நாள் குறித்து, முதல் பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல், கேழ்வரகு, கரும்புக் கட்டு, பூசணிக்காய், மல்லாட்டை ஒரு மரக்கால், கால் கட்டிய சேவல். நிலமில்லாதவர்கள் வீட்டில் செய்த அதிரசமும் முறுக்கும் கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு கிழவி கொண்டுவந்த இரண்டு முட்டையை ஏலம் கேட்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். பத்தில் தொடங்கி, ஐம்பது, நூறு என்று ஏறும். சென்னையிலிருந்து பண்டிகைக்கு வந்த பேரன் முந்நூறு என்று முடித்து, முட்டையைக் கிழவியிடமே திருப்பிக் கொடுப்பான். "கொண்டுபோய் ஆம்லெட்டு போட்டுச் சாப்புடு ஆயா" என்பான். கூட்டம் சிரிக்கும். கிழவிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

கத்தோலிக்க ஊர்களில் இதே உற்சாகம் தேர்த் திருவிழாவில். கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், கடைசி நாள் இரவு தேர்பவனி. தேருக்கு முன்னால் உப்பும் மிளகும் தூவி வேண்டிக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் சாமி வேறு என்று பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிவந்து தேரடியில் நிற்பார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று சமாதிக்கு வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். செத்துப்போன தாத்தாவுக்குப் பிடித்த பீடிக் கட்டைச் சமாதி மேல் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. குருவானவர் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விடுவார்.

ஜங்ஷனிலிருந்து பிரியும் தடங்கள்

விழுப்புரம் என்றதும் நினைவுக்கு வருவது ரயில்வே ஜங்ஷன். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. கிறிஸ்தவச் சபைகளின் வரலாறும் இந்தத் தடங்களைப் போலவே இங்கே கிளை பிரிகிறது.

புதுச்சேரி வண்டியில் ஏறினால் வில்லியனூர் வரும். பழமையான திருக்காமீஸ்வரர் கோயில் உள்ள ஊர். அதே ஊரில் 1870களில் கட்டப்பட்ட லூர்து மாதா திருத்தலம். முன்னால் ஒரு குளம். சாதாரணக் கோயில் குளம் போலப் படிக்கட்டோடு இருக்கும். நடுவில் மாதா நிற்பார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குருக்கள் இருந்த காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்த சுரூபம். ஈஸ்டருக்குப் பிறகு கொடியேறும் திருவிழாவுக்கு விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். விழுப்புரமும் திண்டிவனமும் புதுச்சேரி–கடலூர் மறைமாநிலத்தைச் சேர்ந்தவை.

கடலூர் வண்டியில் ஏறினால் பண்ருட்டி தாண்டி மேல்பட்டாம்பாக்கம் வரும். இங்கேதான் 1860களில் டேனிஷ் மிஷனின் தென் ஆற்காடு வேலை வேர்விட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருக்கோவிலூரிலும் திருவண்ணாமலையிலும் டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஆட்டோக்காரர் வேறு அடையாளம் கேட்கமாட்டார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் முதலில் வந்து தங்கியவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். அவர் அதற்கு முன் லைப்சிக் மிஷனில் இருந்தவர். அதைவிட்டு ஏன் வெளியேறினார்? சபைக்குள் சாதி பார்ப்பதை அந்த மிஷன் பொறுத்துக்கொண்டது, அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறவர்கள் தனித்தனியாக உட்காருவது என்ன நியாயம் என்று கேட்டவர், தனியாக வந்து ஊன்றிய இடம் இது.

ஓக்ஸ் கேட்டு நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேள்வி இன்னும் தீரவில்லை.

கல்லறைக்குப் போகும் வழி

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். சாதியைப் பற்றிக் கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும்.

சில ஊர்களில் ஒரே ஆலயம், இரண்டு கல்லறை. ஒரே மாதா, ஆனால் தேர் சில தெருக்களுக்குள் போகாது. உளுந்தூர்பேட்டை அருகே உள்ள எறையூர், அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். பழமையான கத்தோலிக்க ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் சம மரியாதை கேட்டார்கள், தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கும்படி கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். இரண்டு பக்கமும் ஜெபமாலை உருட்டுகிறவர்கள்தான். பிணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதுவரை அந்தச் சண்டைக்குள் அடக்கம்.

அரசாங்க ஏட்டில் இன்னொரு சிக்கல். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்குத்தான். 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் சான்றிதழ். ஒரே தெருவில், ஒரே கூலி வேலையில், அண்ணன் பிள்ளைக்கு ஒரு சலுகை, ஞானஸ்நானம் பெற்ற தம்பி பிள்ளைக்கு வேறு சலுகை. டீக்கடையில் அவமானப்படும்போது மட்டும் இருவரும் ஒன்று. இதை ஆராய மத்திய அரசு 2022ல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. கிறிஸ்தவர்களுக்கும் அந்தத் தகுதி தர வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

'மதம் மாறினால் சாதி போய்விடுமா?' என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். போகவில்லை என்று இந்த ஊர்க்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அப்படியானால் ஏன் இன்னும் இதில் இருக்கிறீர்கள் என்று கேட்டால், முதியவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். தாத்தா காலத்தில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. 'டேய், ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானத் தொட்டி அருகில்தான் முதன்முதலில் ஒருவர் நல்ல பெயர் வைத்து, அதை ஏட்டிலும் எழுதினார். ஞானசௌந்தரி, தேவசகாயம், அற்புதம், மரியதாஸ். அந்தப் பெயரை விட்டுக் கொடுக்க முடியுமா?

சில இடங்களில் மாற்றமும் நடக்கிறது. படித்த பிள்ளைகள் கல்லறைச் சுவரைப் பற்றித் தங்கள் அப்பாக்களிடமே கேட்கிறார்கள். பொதுக் கல்லறை, பொதுத் தேர் என்று பேசுகிற இளைஞர் குழுக்கள் வந்திருக்கின்றன. மெதுவாகத்தான் நகர்கிறது.

முண்டியம்பாக்கத்தில் ஒரு ராத்திரி

விழுப்புரத்துக்கு வரும் வழியில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலைக்குப் பெயர்போன ஊர். அங்கே சாலையோரமாகவே விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. 2010ல் தொடங்கியது. ஐடாவின் வீட்டுக் கதவை மூன்று பேர் தட்டிய ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இப்போது நடுராத்திரியில் வலி எடுத்தால் 108க்குப் போன் போட்டால் போதும். மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் வரும், மரக்காணம் உப்பளத்துக் குடிசையிலிருந்தும் வரும். உள்ளே பெண் டாக்டர் இருப்பார். பயிற்சி டாக்டர்களிலும் பாதிக்குப் பாதி பெண்கள். நர்சுகளில் ஸ்டெல்லாவும் இருப்பார், செல்வியும் இருப்பார், ஷமீமும் இருப்பார். பிரசவ வார்டுக்கு வந்தவர் எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வெளியே வராந்தாவில் பாட்டிமார் முந்தானையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் ஜெபமாலை. பக்கத்தில் இன்னொருவர் அங்காளம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருப்பார். மூன்றாமவர் கண்ணை மூடி துஆ கேட்பார். மூன்று பேருக்கும் நடுவில் ஒரே பிளாஸ்க். பொழுது விடியும்வரை அதிலிருந்துதான் மூன்று பேரும் டீ ஊற்றிக்கொள்வார்கள்.

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து கதவுப் பக்கம் போவார்கள். கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வந்து, "யாரு வீட்டுப் புள்ளை?" என்று கேட்பார்.